தீம் பார்க் சந்தேகங்கள்: கடைக்கு வருபவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் பேட்டரிக் கடை வைத்திருக்கிறேன். வருடம் முழுக்க இன்வெர்ட்டரைப் பற்றிக் கேட்பவர்கள், முழுப் பரீட்சை முடிந்ததும் பார்க்கைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். காரணம் ஊருக்கே தெரியும். பள்ளிச் சுற்றுலாவில் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போன நாளில் பிடித்த பைத்தியம் எனக்கு இன்னும் விடவில்லை. பெங்களூரு வொண்டர்லாவுக்கு மட்டும் 2006இலிருந்து பதினேழு முறை போயிருக்கிறேன். அக்கா மகன் தயவில் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவுக்கு இரண்டு முறை, மனைவியின் நச்சரிப்பில் சிங்கப்பூருக்கு ஒரு முறை. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அண்ணா, மாங்கனிக் கண்காட்சியிலயே ராட்டினம், கப்பல் எல்லாம் இருக்கு. அதுக்கும் தீம் பார்க்குக்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊர் மாங்கனிக் கண்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனித்தனியாகக் காசு. கண்காட்சி முடிந்ததும் கழற்றி லாரியில் ஏற்றிவிடுவார்கள். பார்க் என்றால் நிரந்தரமான இடம், வாசலில் ஒரே டிக்கெட். அதற்குள் ஒரு கதையோ காலமோ ஊரோ எடுத்துக்கொண்டு கட்டடம், இசை, ஊழியர் உடுப்பு எல்லாவற்றையும் அதற்கேற்பச் செய்தால் அது தீம் பார்க். பக்கத்திலேயே அதே நிறுவனத்தின் தங்கும் விடுதியும் இருந்தால் ரிசார்ட் என்கிறார்கள்.

கறாராகப் பார்த்தால் நாம் போகிற பெரும்பாலானவை கேளிக்கைப் பூங்காக்கள்தான், தீம் பார்க் அல்ல. பேச்சில் எல்லாம் ஒன்றாகிவிட்டது. நானும் அப்படியேதான் எழுதப் போகிறேன்.

காலையில போய் ராத்திரி வீட்டுக்கு வந்துடணும். எது தோதா இருக்கும்?

பெங்களூருவை அடுத்த பிடதியில் இருக்கும் வொண்டர்லாதான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர், எலக்ட்ரானிக் சிட்டி வரை போய், அங்கே நைஸ் ரோட்டில் ஏறி மைசூர் ரோட்டில் இறங்கிவிடலாம். ஊருக்குள் நுழையவே வேண்டாம். தருமபுரிக்காரர்கள் கிருஷ்ணகிரி வரவும் தேவையில்லை. பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக நேராக ஓசூர் போய்விடலாம். டோல் காசை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் ஒன்றுக்கு மேல் உண்டு.

ஓசூரை ஏழு மணிக்குள் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் அத்திப்பள்ளியிலிருந்து நீங்கள் பார்க்கப் போகிற முதல் ரைடு டிராபிக்தான், அதற்கு வயது வரம்பும் கிடையாது.

மேட்டுப்பாளையமும் சென்னையும் ஒரே நாளில் முடியாதவை அல்ல. ஆனால் வேன் டிரைவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க வெயிலில் காத்திருந்துவிட்டு ராத்திரியில் ஐந்து மணி நேரம் ஓட்டப் போவது அவர்.

பெங்களூரு வொண்டர்லாவா, சென்னை வொண்டர்லாவா?

கொச்சியில் 2000இல் வீகாலேண்ட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. பெங்களூரு 2005, ஹைதராபாத் 2016, புவனேஸ்வர் 2024. சென்னைப் பூங்கா பழைய மகாபலிபுரம் சாலையில் திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் திறந்தது. நிலத்தை வாங்கிப் போட்டுவிட்டு உள்ளாட்சிக் கேளிக்கை வரி விவகாரத்தில் பல வருடம் காத்திருந்த பூங்கா அது.

ரைடுக்காக மட்டும் போகிறவர் என்றால் சென்னை. தஞ்சோரா என்ற ரோலர் கோஸ்டரில் பெட்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். செய்தது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மபில்லார்ட். உலகம் முழுக்க கோஸ்டர் பைத்தியங்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே நிமிர்ந்து உட்காருவார்கள். பெங்களூருவின் ரீகாயில் என்ற கோஸ்டரும் குறைந்ததல்ல. முன்னால் போய்ச் சுழன்று, அதே பாதையில் பின்பக்கமாகவே திரும்பி வரும். ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி.

குடும்பத்தோடு முழு நாள் என்றால் இன்றைக்கும் பெங்களூரு என்றுதான் சொல்வேன். காரணம் ரைடு அல்ல, மரம். 2006இல் நான் பார்த்த கன்றுகள் இப்போது வரிசையில் நிற்பவர்களுக்கு நிழல் கொடுக்கின்றன. புதுப் பூங்காவில் கோஸ்டரைக் காசு கொடுத்து ஒரே வருடத்தில் நிறுத்திவிடலாம், இருபது வருட மரத்தை எங்கே வாங்குவது? பெங்களூரு மேட்டு நிலம், கோடையிலும் மாலையில் காற்று வரும். சென்னைக் கடலோரப் புழுக்கம் நமக்குப் பழக்கமில்லை. சென்னைக்கு மழை ஓய்ந்து தை, மாசியில் போங்கள்.

முன்ன நல்லாருந்துச்சு, இப்ப கெட்டுப்போச்சுன்னு எல்லாப் பார்க்கையும் சொல்றாங்களே. நெசமாவா?

பாதி நிஜம். பொய்யான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து வயதில் பார்த்த வேவ் பூல் கடல் மாதிரி இருந்தது. நாற்பதைத் தாண்டிப் பார்க்கும்போது அது இடுப்பளவுத் தண்ணீர். குளம் சுருங்கவில்லை, நாம்தான் வளர்ந்துவிட்டோம். அந்தக் காலத்தில் டிக்கெட்டுக்கு அப்பா காசு கொடுத்தார். இப்போது நாம் கொடுக்கிறோம், அதனாலேயே குறை கண்ணில் படுகிறது.

அந்தக் காலம் பொற்காலம் என்பதும் அப்படியொன்றும் இல்லை. உலகத்துக்கே முன்மாதிரி என்கிற கலிஃபோர்னியா டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அன்றைக்கு வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. போலி அழைப்பிதழோடு ஆயிரக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டார்கள். பிளம்பர்கள் வேலைநிறுத்தம் வேறு. குடிநீர்க் குழாயா கழிப்பறையா, இரண்டில் ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்க முடியும் என்ற நிலையில் வால்ட் டிஸ்னி கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். (சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.)

நிஜமான பாதி வேறு. ஒரு பூங்கா இறங்குகிறதா என்பதை நான் ஒரே அளவுகோலில் பார்க்கிறேன்: முன்பு டிக்கெட்டுக்குள்ளேயே கிடைத்த எதற்கெல்லாம் இப்போது தனிக் காசு? புது ரைடு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதில்லை. புது ரைடு என்பது பேனர் அடிக்க. பழைய ரைடு ஓடுகிறதா, நிழலில் உட்கார பெஞ்ச் இருக்கிறதா, குடிக்கத் தண்ணீர் சும்மா கிடைக்கிறதா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் பலகையில் இருபத்திரண்டு ரைடு எழுதியிருந்தார்கள். நாங்கள் போன அன்று ஓடியது ஒன்பது. டிக்கெட்டில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. கேட்டால் "டெக்னிக்கல் ப்ராப்ளம் சார்". அடுத்த வருடம் அதே பலகையில் இருபத்து மூன்றாவது ரைடும் சேர்ந்திருந்தது.

உள்ள போனதுமே பராமரிப்பு நல்லாருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள், மாலை நான்கு மணிக்குப் பாருங்கள். காலையில் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும்.

அடுத்தது ஊழியரின் கை. ரைடில் உட்கார்ந்ததும் பூட்டை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறாரா, தூரத்திலிருந்தே கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு பட்டனை அழுத்துகிறாரா? கூட்டம் அதிகமான நேரத்திலும் இழுத்துப் பார்க்கிறார் என்றால் அங்கே மேற்பார்வை இருக்கிறது. காலையில் ரைடு காலியாக ஒரு சுற்று ஓடுவதைப் பார்த்தாலும் நல்ல அறிகுறி.

பிறகு சின்னச் சின்ன விஷயங்கள். எரியாத பல்பு, உதிர்ந்த வண்ணம், தண்ணீர்ச் சறுக்கின் இணைப்பில் முதுகு கீறுகிறதா என்பது. முதுகு கீறினால் மறுபடி ஏறாதீர்கள். ரோலர் கோஸ்டரைப் பார்த்துப் பயப்படுகிற நம்மவர்கள் இந்தச் சறுக்கில்தான் அடிபட்டு வருகிறார்கள்.

பிளாக் தண்டர், எம்ஜிஎம், விஜிபி, கிஷ்கிந்தாலாம் ஒரு காலத்துல பெரிய பேரு. இப்ப போகலாமா?

இவற்றில் என் மனசு ஒருபக்கம் சாயும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவை நவோதயா அப்பச்சன் தொடங்கியபோது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அது ஓர் அதிசயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்காத குடும்பம் நம் பக்கம் இருக்காது. அதெல்லாம் வேறொரு காலம். வாய்ப்பே ஒன்றிரண்டு இருந்தபோது கிடைத்த பெயர் அது. இப்போது பக்கத்திலேயே ஒப்பிட ஆள் வந்துவிட்டார்கள்.

பிளாக் தண்டருக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு கொடுப்பேன். நீலகிரி அடிவாரம், பின்னால் மலை. ஊட்டிக்குப் போகிற வழியில் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் பொருந்தும். அதற்காகவே இங்கிருந்து கிளம்புவது என்றால் யோசியுங்கள்.

டிக்கெட் ஏன் இவ்ளோ விலை? குறைச்சுப் போக வழி இருக்கா?

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கேளிக்கைப் பூங்காவுக்கு 28 சதவீதம் போட்டார்கள். 2018 ஜனவரியில் 18 ஆக்கினார்கள். வரி போக, பூங்காவின் பெரிய செலவு மின்சாரம், தண்ணீர் சுத்திகரிப்பு, இறக்குமதி உதிரிபாகம். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் இந்தச் செலவு நிற்காது. அதனால்தான் வார நாளில் விலையைக் குறைத்து ஆள் சேர்க்கிறார்கள்.

ஆகவே செவ்வாய், புதன் போங்கள். டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் அடையாள அட்டையை மறக்கக் கூடாது. சிறுவர் டிக்கெட்டுக்கு வொண்டர்லாவில் வயதைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் அளப்பார்கள். ஆறாம் வகுப்புப் பையன் அப்பா உயரத்துக்கு வளர்ந்திருந்தால் பெரியவர் டிக்கெட்தான், வாசலில் சண்டை போட்டுப் பயனில்லை.

உடையிலும் காசு போகும். தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர்தான். புடவை, சுடிதார், பருத்திச் சட்டை என்றால் இறங்க விட மாட்டார்கள், உள்ளே கடையில் அவசரத்துக்கு வாங்க வேண்டியிருக்கும். வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் எடுக்கலாமா? அது தர்ம நியாயமா?

நியாயம் பற்றி என் மனைவிக்கும் எனக்கும் பல வருடமாக வழக்கு நடக்கிறது. கிட்டத்தட்ட இரட்டிப்பு விலை கொடுத்தால் தனி வரிசை. ஒரு பெட்டியில் இருக்கிற இருக்கை அதேதான், அதில் ஒருவர் முன்னால் போனால் இன்னொருவர் பின்னால் போகிறார். நாலாவது பதிலில் சொன்ன அளவுகோலில் இதுவும் வரும்.

நடைமுறைக்கு: வார நாளில் வீண் செலவு. பொங்கல், தீபாவளி விடுமுறை, மே மாத ஞாயிறு என்றால் அது இல்லாமல் நாலைந்து ரைடோடு திரும்ப வேண்டி வரும். அந்த நாட்களில் போகாமலே இருப்பது இன்னும் சிக்கனம்.

ரிசார்ட்டுல தங்கினா லாபமா?

பெங்களூரு வொண்டர்லா ரிசார்ட் 2012இல் வந்தது, 84 அறைகள். கிருஷ்ணகிரிக்காரருக்குத் தேவையில்லை, ராத்திரி பத்து, பதினொன்றுக்குள் வீட்டில் இருக்கலாம். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மத்தியானம் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டு வரலாம் என்பதுதான் அதில் உள்ள உண்மையான வசதி.

பையன் அமெரிக்கால இருக்கான், ஃப்ளோரிடா கூட்டிட்டுப் போறேங்கறான். டிஸ்னியா, யுனிவர்சலா? டிஸ்னி தரம் போச்சுன்னு வேற சொல்றாங்க.

அந்த ஊர் ரசிகர்களின் சண்டையே இதுதான். நம் கேள்வி எப்படிப் போகலாம் என்பது, அவர்கள் கேள்வி இனிமேலும் போகலாமா என்பது. முப்பது வருடமாக வருடா வருடம் போய் வந்தவர்கள் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

அவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது. ஃப்ளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 1971 அக்டோபர் 1 அன்று திறந்தது. அன்றைக்கு நுழைவு மூன்றரை டாலர், ரைடுகளுக்கு ஏ முதல் ஈ வரை எழுத்துப் போட்ட சீட்டுப் புத்தகம். 1982இல் ஒரே டிக்கெட்டில் எல்லாம் என்று மாற்றினார்கள். 1999இல் ஃபாஸ்ட் பாஸ் வந்தது: நேரம் குறித்த சீட்டை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் போய் வரிசையில் நிற்காமல் ஏறலாம், சும்மா. 2012இல் நான் முதல் முறை போனபோது அதுதான் இருந்தது. கொரோனாவோடு அது நின்றது. 2021 அக்டோபரில் காசு கொடுத்து வாங்கும் முறையாகத் திரும்பி வந்தது, 2024இல் பெயரை மாற்றினார்கள். விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு 2005 முதல் இலவசமாக ஓடிய பஸ்ஸும் 2022 தொடக்கத்தில் நின்றது. ஒரு நாள் டிக்கெட் 2015இல் நூறு டாலரைத் தாண்டியது, இப்போது உச்ச நாட்களில் இருநூறை ஒட்டி நிற்கிறது. என் அளவுகோலில் இது இறக்கம்தான்.

ஆனால் ரசிகர்கள் கத்தினால் சில சமயம் கேட்கிறது. விடுதியில் வண்டி நிறுத்த 2018இல் தனிக் காசு போட்டார்கள், 2023 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரனும் ஒரு காரணம். யுனிவர்சல் 2010இல் ஹாரி பாட்டர் உலகத்தைத் திறந்த பிறகுதான் டிஸ்னி நிமிர்ந்து உட்கார்ந்தது. 2025 மே 22 அன்று எபிக் யுனிவர்ஸ் என்று இன்னொரு முழுப் பூங்காவையே திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவில் இரண்டாவது பேட்டரிக் கடை வந்தபோது நான் ஃப்ரீ டெலிவரி தொடங்கிய கதைதான்.

என் தீர்ப்பு: பேரப்பிள்ளைகள் எட்டு வயதுக்குள் என்றால் டிஸ்னி, வளர்ந்தவர்கள் என்றால் யுனிவர்சல். முதல் முறை போகிற உங்களுக்கு எது குறைந்தது என்று தெரியவே தெரியாது, வாய் பிளந்து பார்த்துவிட்டு வருவீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். வெயிலும் இடி மழையும் சேர்ந்து பாடாய்ப் படுத்தும்.

பழைய ரைடை இடிச்சுட்டுப் புதுசு கட்டினா தரம் ஏறுதா, இறங்குதா?

இது முந்தைய கேள்வியின் உட்சண்டை. ஃப்ளோரிடா டிஸ்னியில் ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர் ரைடை 2023 ஜனவரியில் மூடி, அதே மலையையும் அதே வாய்க்காலையும் வைத்துக் கதையை மட்டும் மாற்றி 2024 ஜூனில் டிஸ்னி படத்து இளவரசி டியானாவின் பெயரில் திறந்தார்கள். கோபித்துக்கொண்டவர்கள் பலர். ஏறுகிற உயரமும் விழுகிற வேகமும் அதேதான், போனது அவர்களுடைய ஞாபகம்.

ஞாபகம் போவதையும் தரம் போவதையும் நான் ஒன்றாகச் சேர்ப்பதில்லை. வீகாலேண்ட் பெயர் வொண்டர்லா ஆன பிறகும் கொச்சிக்காரர்கள் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். அதற்காகச் சறுக்கு மெதுவாகிவிடவில்லை.

ஜப்பான் டிஸ்னிதான் ஒசத்தின்னு சொல்றாங்களே, ஒரே கம்பெனி தானே?

பெயர் ஒன்று, முதலாளி வேறு. 1983இல் திறந்த டோக்கியோ டிஸ்னிலேண்டும் 2001இல் வந்த டிஸ்னி ஸீயும் ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பான் நிறுவனத்துக்குச் சொந்தம். டிஸ்னிக்குப் பெயருக்கும் வடிவமைப்புக்கும் உரிமத்தொகை போகிறது. 2024 ஜூனில் டிஸ்னி ஸீயில் திறந்த ஒரு பகுதிக்கு மட்டும் 320 பில்லியன் யென் கொட்டினார்கள். ஒரு தொழில்தான் என்று இருப்பவன் கடையைத் துடைத்து வைக்கிற விதமே தனி.

அதற்காக அவர்கள் தியாகிகளும் இல்லை. 2022இல் அங்கேயும் காசு கொடுத்து முந்துகிற வழி வந்துவிட்டது.

சிங்கப்பூர் யுனிவர்சல் ஒரு நாள் போதுமா?

போதும். செந்தோசாவில் 2010இல் திறந்த சின்னப் பூங்கா, நடந்தே ஒரு வட்டம் அடித்துவிடலாம். அங்குள்ள இரட்டைத் தண்டவாளக் கோஸ்டர் 2013இலிருந்து 2015 வரை மூடியிருந்தது, மினியன் கார்ட்டூன் பகுதி 2025 பிப்ரவரியில் வந்தது. நாம் போகிற தேதியில் எது மூடியிருக்கிறது என்று அவர்கள் இணையப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள், டிக்கெட் எடுப்பதற்கு முன் பாருங்கள். இது எல்லாப் பூங்காவுக்கும் பொருந்தும்.

அம்மாவுக்கு மூட்டுவலி, எதுலயும் ஏற மாட்டாங்க. கூட்டிட்டுப் போறது வீணா?

மரமுள்ள பூங்கா என்றால் வீணில்லை. என் மாமியார் ஒரு ரைடும் ஏறாமல் பெங்களூருவில் மூன்று முறை நாள் முழுக்க இருந்திருக்கிறார். பை காவல், ஆள் வேடிக்கை, மாலையில் மழை நடனத்தில் நனைகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பு. வீல்சேர் உண்டா என்று முதலிலேயே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்ளோ செலவு எதுக்கு மாமா? நம்ம ஒகேனக்கல்லே போதாதா?

தருமபுரி மாப்பிள்ளை ஒருவர் கேட்டது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நுழைவுக்கு டிக்கெட் இல்லை, பரிசலுக்கு மட்டும் காசு. எண்ணெய்க் குளியல் தனி, மீன் வறுவல் தனி. லைஃப் ஜாக்கெட் போடாமல் பரிசலில் ஏறக் கூடாது. எனக்கு வயது ஏறியும் சின்னதாகத் தெரியாத ஒரே இடம் அது.

ஒரே குறை, எந்த நாளில் மூடுவார்கள் என்று காவிரிக்குத்தான் தெரியும். கர்நாடகாவில் மழை பெய்து நீர்வரத்து ஏறினால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வந்துவிடும், வேனில் போய் இறங்கிய பிறகு யாரிடமும் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆடிப்பெருக்குக்குப் பத்து நாள் முன்பிருந்தே தினம் நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.